கண்ணாடி நிமிஷம்

— எடுக்காத! குட்டி, கையை எடு அதுலேர்ந்து!

— தொடவே இல்லக்கா. ஒரே ஒரு ரிங், அதுவே நின்னுடுச்சு. ஏன் இப்படி அலறுற?

— யாருன்னு பாரு. கையில எடுக்காத, குனிஞ்சு பாரு.

— பேரு வரல, வெறும் நம்பர்தான். கடைசியில நாலு ஏழு நாலு... அக்கா! தைக்கிற மெஷின்லேர்ந்து காலை எடு, ஊசி விரல்ல ஏறிடப் போவுது. என்ன ஆச்சு உனக்கு?

— அவன் நம்பர் அது.

— மாமாவா?

— அவனை மாமான்னு சொல்லாதன்னு எத்தனை தடவை சொல்றது.

— சரி, சொல்லல. ஒரு வருஷமா மூச்சுக் காட்டாத ஆளு இன்னிக்கு எதுக்குக் கூப்பிடுறான்?

— இது மூணாவது. காலையில நீ கார் கத்துக் கொடுக்கப் போயிருந்தப்ப ரெண்டு வந்துச்சு. ரெண்டும் இதே மாதிரி ஒரு ரிங். உன்கிட்ட சொல்லல.

— ஏங்க்கா சொல்லல?

— வாயைத் திறந்து சொன்னா நிஜமாயிடும்னு பயம்.

— நம்பரை மாத்து மாத்துன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?

— மாத்தினா துணி தைக்கக் கொடுக்கிறவங்க என்னை எங்க போய்த் தேடுவாங்க? இந்த நம்பர்தான்டி என் கடை. ஸ்டேஷன்லயும், கூப்பிட்டான்னா பதிவு இருக்கட்டும், மாத்தாதன்னு சொன்னாங்க.

— புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், போய் அனுசரிச்சுப் போன்னும் அதே ஸ்டேஷன்லதான் சொன்னாங்க. அதை விட்டுட்ட.

— குட்டி, இந்த வீடு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?

— தெரிஞ்சா ரிங் கொடுத்துக்கிட்டு இருப்பானா? கதவையில்ல உடைப்பான். நீ முதல்ல மூச்சை விடு. பாதி கிளட்ச்சுல நிக்கிற வண்டி மாதிரி உதறுற.

— ஜன்னலைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— தாழ்ப்பாள்?

— போட்டாச்சுக்கா. இரு, மத்த ரெண்டும் எப்ப வந்துச்சுன்னு பாக்கிறேன். முதல்ல பதினொண்ணு பதினொண்ணு. அடுத்தது பன்னிரண்டு இருபத்தொண்ணு. இப்ப ஒண்ணு முப்பத்தொண்ணு. பாரேன், எழுபது நிமிஷம், எழுபது நிமிஷம். வேளா வேளைக்கு மாத்திரை போடுற மாதிரி அடிக்கிறான்.

— எழுபது நிமிஷத்துல ஒண்ணும் இல்ல. திருப்பிப் படி.

— எதைத் திருப்பிப் படிக்கிறது?

— நேரத்தை. அவன் கணக்குல ஒண்ணு முப்பத்தொண்ணுன்னு கிடையாது, பதிமூணு முப்பத்தொண்ணு. சரக்கு விமானத்துக்கு நேரம் போடுற வேலை பாக்கிறவன். வீட்டுலயும் இருபத்துநாலு மணிக் கணக்குலதான் சோறு கேப்பான். ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு. இப்பப் பின்னாலேர்ந்து வா.

— ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு. அட! பன்னிரண்டு இருபத்தொண்ணு... ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. இதுவும் அப்படியே வருது. விகடகவி மாதிரி!

— சிரிக்காத குட்டி.

— சிரிக்கலக்கா. பள்ளிக்கூடத்துல சொல்லிக்கிட்டுத் திரிவோமே, தேருவருதே, மோருபோருமோன்னு, எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சாலும் அதேன்னு. அது ஞாபகம் வந்துடுச்சு.

— இன்னிக்குத் தேதி என்ன?

— இருபத்திரண்டு. மாசம் ரெண்டு. வருஷம் ரெண்டாயிரத்து இருபத்திரண்டு.

— பூஜ்யத்தோட சேர்த்துச் சொல்லு.

— ரெண்டு ரெண்டு, பூஜ்யம் ரெண்டு, ரெண்டு பூஜ்யம், ரெண்டு ரெண்டு. அம்மாடி! இதுவும் திரும்பி அதேதான் வருது!

— கண்ணாடித் தேதிம்பான். எங்க கல்யாணத்துக்கே அப்படி ஒரு தேதியைத்தான் பிடிச்சான். இருபத்தொண்ணு, ரெண்டு, ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு. மத்த நாள்ல என்னை உள்ள வச்சு வெளியில பூட்டிட்டு வேலைக்குப் போறவன், கண்ணாடித் தேதி வந்துட்டா வீட்டை விட்டு நகர மாட்டான். ஹால்ல கடிகாரத்துக்கு நேரா நாற்காலியைப் போட்டு உக்காந்துப்பான். தேதியும் கண்ணாடி, நேரமும் கண்ணாடின்னு அமையுற ஒரு நிமிஷத்துல காலம் தன்னையே திரும்பிப் பாக்குமாம். அப்ப கேட்டது கிடைக்குமாம்.

— அவனுக்கு என்ன வேணுமாம்?

— நான் கேட்டதே இல்ல. கேக்க விட்டாத்தானே.

— போன வருஷம் நீ ஓடி வந்த அன்னிக்கும் பிப்ரவரிதானே? செருப்பு கூட இல்லாம, நொண்டிக்கிட்டு வந்து நின்ன. எப்படிக்கா தப்பிச்சன்னு அன்னிலேர்ந்து கேக்கிறேன், வாயே திறக்க மாட்டேங்கிற.

— அதுவும் கண்ணாடித் தேதிதான். பன்னிரண்டு, ரெண்டு, ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. அந்த நிமிஷத்துலதான் வந்தேன். அவன் கண்ணை மூடிட்டான்னா வீடே இடிஞ்சு விழுந்தாலும் நிமிஷம் முடியாம திறக்க மாட்டான். ரெண்டு கையும் தொடை மேல இருக்கும். போனைப் பக்கத்து ஸ்டூல்ல கவுத்து வச்சிடுவான். அந்த நிமிஷத்துல போன் பேச்சே ஆகாது. அதுக்கு முந்தின வருஷம் அந்த நேரத்துல என் போன் ஒரு தடவை கத்திடுச்சு. அதுக்குத்தான் என்னோட இந்த மணிக்கட்டு...

— இரு. இருக்கா. இப்ப என்ன சொன்ன?

— மணிக்கட்டு...

— அதுக்கு முன்னாடி. அந்த நிமிஷத்துல அவன் போனைத் தொட மாட்டான்னு சொன்ன.

— ஆமா. செத்தாலும் தொட மாட்டான்.

— அப்ப அவன் போன்லேர்ந்து, சரியா அதே நிமிஷத்துல, உனக்கு ரிங் கொடுக்கிறது யாரு?

— குட்டி... அந்த வீட்டுல இன்னொருத்தி இருக்காடி.

*

— தண்ணியைக் குடி. முழுசாக் குடி. அடுத்தது எப்பன்னு சொல்லு.

— பதினாலு நாப்பத்தொண்ணு. நம்ம கணக்குக்கு ரெண்டு நாப்பத்தொண்ணு.

— அதுக்கு அப்புறம்?

— பதினஞ்சு அம்பத்தொண்ணு. அதோட சரி. அடுத்தது பதினாறு அறுபத்தொண்ணுன்னு வரணும், அப்படி ஒரு நேரமே கிடையாதே. ராத்திரி எட்டு ரெண்டு, அவன் கணக்குல இருபது பூஜ்யம் ரெண்டு வரைக்கும் ஒண்ணும் கிடையாது.

— இன்னிக்கு விட்டா அடுத்த கண்ணாடித் தேதியில பாத்துக்கலாம்ல?

— மூணு, ரெண்டு, ரெண்டாயிரத்து முப்பது.

— என்னது! எட்டு வருஷமா?

— ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு விட்டா இருபதுலதான்டி அடுத்தது வந்துச்சு. அந்த எட்டு வருஷமும் நான் அந்த வீட்டுக்குள்ளதான் இருந்தேன். எனக்கு அவன் கணக்கு தெரியாதா?

— சரி. மணி ஆகப் போவுது. முதல் ரிங்லேயே எடுத்துடணும்.

— நீ பிடிச்சுக்க. ஒருவேளை அவனா இருந்தா?

— அவனா இருந்தா நான் பேசிக்கிறேன். எனக்கும் அவனைக் கேக்க நாலு வார்த்தை இருக்கு... வந்துடுச்சு! எடுத்துட்டேன். ஸ்பீக்கர்ல இருக்கு, பேசு!

— ஹலோ. வச்சிடாதம்மா. நான்தான். உனக்கு ஒண்ணும் ஆகாது, வச்சிடாத.

— மூச்சுச் சத்தம் கேக்குதுக்கா.

— கண்ணு, அவன் நாற்காலியில இருக்கானா?

— இருக்காருங்க.

— கண்ணை மூடியிருக்கானா?

— மூடியிருக்காருங்க.

— நீ யாரும்மா? எப்ப வந்த அங்க?

— எட்டு மாசம் ஆச்சுங்க. எனக்கு யாரும் இல்லைங்க. வேலை வாங்கித் தரேன்னு கூட்டிட்டு வந்தாரு. இன்னிக்கு ராத்திரி இருபத்திரண்டு இருபத்திரண்டுக்குக் கல்யாணம்னு சொல்லியிருக்காரு. உங்க நம்பரை அவரு போன்ல 'திரும்பி வருவா'ன்னு போட்டு வச்சிருக்காருங்க. தப்பா நினைக்காதீங்க. திரும்பி வர்றவங்கன்னா வெளிய போக வழி தெரிஞ்சவங்களா இருக்கும்னுதான்...

— ஐயோ கண்ணு. கொல்லைக் கதவு பூட்டியிருக்கா?

— பன்னிரண்டு இருபத்தொண்ணுக்குத் திறந்துட்டேங்க. சாவி அவரு சட்டைப் பையில இருந்துச்சு.

— பையில கையை விட்டா எடுத்த?

— மெதுவா எடுத்தேங்க.

— கதவு திறந்திருக்குன்னா உடனே வெளிய வரச் சொல்லுக்கா! ஓடி வந்துடச் சொல்லு!

— யாருங்க அது?

— என் தங்கச்சிதான், பயப்படாத. அவ சொல்றது சரிதான், இப்பவே வெளிய வந்துடு.

— முடியாதுங்க. ஒரு தடவை போனேன். தெருமுனை கூடத் தாண்டல, பக்கத்து வீட்டுக்காரரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுட்டாரு. அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் எனக்கு நடக்க வரல. நிமிஷம் முடியப் போவுதுங்க, வைக்கிறேன்.

— கேளு, கேளு! பின்பக்கச் சந்துல ஒரு கார் வரும். தலையில பலகை வச்ச கார். பதினஞ்சு அம்பத்தொண்ணுக்கு நீ வெளிய வந்தாப் போதும். போனை இருந்த மாதிரியே கவுத்து...

— வச்சுட்டாக்கா.

*

— அக்கா, உன் காலை எடு!

— எங்க?

— உன் பக்கம் ஒரு பிரேக் இருக்கு. கத்துக் கொடுக்கிறவங்களுக்கு வச்சது. நீ பயந்து பயந்து அதை மிதிக்கிற, வண்டி முக்குது. சம்மணம் போட்டு உக்காந்துக்க.

— வேற வண்டியே கிடைக்கலையா உனக்கு? பலகையைப் பாத்துட்டு சைக்கிள்காரன் கூட ஹாரன் அடிச்சு நம்மளைத் தாண்டிப் போறான்.

— டிரைவிங் ஸ்கூல் வண்டியில இது ஒண்ணுதான் சும்மா நின்னுச்சு. முதலாளிக்கே சொல்லாம எடுத்துட்டு வந்திருக்கேன். ஸ்டேஷனுக்கும் போன் அடிச்சேன்.

— என்ன சொன்னாங்க?

— அந்தப் பொண்ணு பேரு என்னன்னாங்க. தெரியாதுன்னேன். எங்க அடிச்சான், எப்ப அடிச்சான்னாங்க. தெரியாதுன்னேன். ஜீப் வெளிய போயிருக்கு, வந்ததும் அனுப்பறோம்னு வச்சுட்டாங்க.

— என்னை இங்கேயே இறக்கி விட்டுடு.

— என்ன பேசற?

— முடியலடி. அந்தத் தெருவுக்குள்ள நான் திரும்ப வர மாட்டேன். நீ போய்க் கூட்டிட்டு வா. நான் இந்த பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கேன்.

— நான் அந்த வீட்டு வாசப்படி கூட மிதிச்சதில்லக்கா. உன் கல்யாணத்துக்கு அப்புறம் எங்களை எங்க உள்ள விட்டான்? அடுப்படி எங்க, கொல்லை எங்க, எந்தச் சந்துன்னு எனக்கு என்ன தெரியும்?

— வரைஞ்சு தரேன்.

— அக்கா, நான் சொல்றதைக் கேளு. போன வருஷம் நீ சந்துல நின்னப்ப ஒரு கார் வந்து நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்?

— அன்னிக்கு ஒரு கார் வந்துச்சு. கையைக் காட்டினேன். என் கோலத்தைப் பாத்துட்டு வேகமாப் போயிட்டான்.

— அப்ப?

— அந்தத் தபால் பெட்டிக்குப் பக்கத்துல வளை. வேகமாப் போகாத, அந்தச் சந்துல நாய் நிறைய படுத்துக் கிடக்கும்.

*

— இந்தச் சுவர்தானா?

— இதுதான். இஞ்சினை அணைச்சுடாத.

— அணைக்கல. நான் இந்தச் சுவரோரப் படியில ஏறி எட்டிப் பாக்கிறேன்... அடுப்படி தெரியுது. அதுக்கு அந்தப் பக்கம் ஹால். நாற்காலியில பின்னந்தலை ஒண்ணு தெரியுது. அவன்தானா?

— முடியை ஒட்ட வெட்டியிருக்கா?

— ஆமா. அசையவே மாட்டேங்கிறான்க்கா. நிமிஷம்தான் இன்னும் வரலையே, ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கான்?

— அப்படித்தான் இருப்பான். இந்தத் தேதியில சாப்பாடு, தண்ணி எல்லாம் அந்த நாற்காலிக்குத்தான் போகணும். அவ தெரியறாளா?

— அடுப்படிச் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா. சின்னப் பொண்ணுக்கா! என்கிட்ட வண்டி கத்துக்க வர்ற காலேஜ் பசங்க வயசுதான் இருக்கும். கையில ஒரு துணிப்பை. நான் கையைக் காட்டறேன், பாக்கவே மாட்டேங்கிறா. கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா.

— இறங்கு! இறங்கு குட்டி! யாரோ வராங்க.

— யாரு அது, வெள்ளைச் சட்டை?

— பக்கத்து வீட்டுக்காரன். அவளைப் பிடிச்சுக் கொடுத்தவன். என்னை நல்லாத் தெரியும் அவனுக்கு. நான் என்ன பண்ணட்டும்?

— தலையைக் குனி. ஸ்டியரிங் பக்கம் வந்து உக்காந்துக்க, முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்க. நிமிராத... வணக்கம் சார்! ஆமாங்க சார், டிரைவிங் ஸ்கூல்தான். ரிவர்ஸ் பழக்குறேன். இவங்களுக்கு முன்னால போறது வந்துடுச்சு, பின்னால போறதுதான் வரவே மாட்டேங்குது. என்ன சார்? இங்க நிறுத்தக் கூடாதா? ஐயோ, மன்னிச்சுக்குங்க, உங்க கேட்டுக்கு முன்னாடி வரவே மாட்டோம். அழறாங்களா? ஆமாங்க, சுவர்ல இடிச்சுட்டாங்க, அதான் அழறாங்க. உங்க பொண்ணுக்கும் கத்துக்கணுமா? தாராளமா அனுப்புங்க சார். கார்டு தரேன். இந்தாங்க. சரிங்க. சரிங்க சார்.

— போயிட்டானா?

— போயிட்டான். உள்ள போய்க் கதவைச் சாத்திட்டான். அக்கா, மணியைப் பாரு!

— அம்பத்தொண்ணு ஆயிடுச்சு. வெளிய வந்தாளா?

— வரல. கொல்லைக் கதவு வரைக்கும் வந்துட்டா. அங்கேயே நிக்கிறா. ஏன் நிக்கிறா? ஏய் பொண்ணே, வா! வாம்மா! கேக்கலையா அவளுக்கு?

— கால் வராது அவளுக்கு. எனக்கும் அப்படித்தான் நின்னுச்சு.

— நான் போறேன்.

— நீ போனா பயப்படுவா, உன்னை அவளுக்குத் தெரியாது. வண்டியைத் திருப்பி வை.

— அக்கா, நீ எங்க இறங்குற? அக்கா!

*

— கண்ணு. இங்க பாரு. நான்தான்.

— நீங்களா? திரும்பி வருவா?

— ஆமா, நான்தான். கையைக் கொடு.

— முடிஞ்சு போச்சுங்க.

— என்ன முடிஞ்சு போச்சு?

— நிமிஷம். அம்பத்திரண்டு ஆயிடுச்சு. இனிமே ராத்திரி எட்டு ரெண்டுக்குத்தாங்க. நீங்க போயிட்டு அப்ப வாங்க.

— மெதுவாப் பேசு. அவன் இன்னும் திரும்பல. ரெண்டு அடிதான். வாசலைத் தாண்டினா சந்து.

— கதவுக்கு முன்னால தரையில போட்டிருக்கிற இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுங்க. நீங்களும் நகராதீங்க. இப்படி என்னோட சுவர்ல ஒட்டி நில்லுங்க.

— எனக்கும் இந்தக் கோடு தெரியும்மா. என் காலத்துல சாக்பீஸ்ல போட்டிருந்தான், இப்ப பெயிண்ட்டே அடிச்சுட்டான் போலிருக்கு. இங்க பாரு, என் காலைப் பாரு. கோட்டு மேலதான் நிக்கிறேன். ஒண்ணும் ஆகல பாரு.

— பாத்துடுவாருங்க. பாத்துடுவாரு!

— கத்தாத கண்ணு, தயவு பண்ணி... பையை விடு. பை வேண்டாம், அதை விடு, பாத்திரத்துல இடிக்குது, ஐயோ!

— விழுந்துடுச்சு! விழுந்துடுச்சுங்க!

— ஓடு! திரும்பிப் பாக்காத, என் கையை விடாம ஓடு!

*

— கதவைச் சாத்துக்கா! சாத்தியாச்சா?

— சாத்தியாச்சு, போ, போ!

— வரானா? பின்னால பாரு.

— வரல. சந்துல யாரும் இல்ல. நாய்தான் குரைக்குது. போ குட்டி, இப்ப ஏன் சிக்னல் போடுற?

— பழக்க தோஷம்க்கா. ரெண்டு பேரும் கீழ குனிஞ்சு உக்காருங்க. மெயின் ரோடு வர்ற வரைக்கும் தலையைத் தூக்காதீங்க. அவகிட்ட ஏதாவது பேசு, பல்லு கிட்டிப் போய் உக்காந்திருக்கா.

— கண்ணு, தண்ணி குடிக்கிறியா? இதைப் போத்திக்க. என்ன சில்லுனு இருக்கு உன் கை! பயப்படாத. இனிமே எங்க வீட்டுலதான் இருக்கப் போற. ரெண்டு ரூம்தான். அவ குறட்டை விடுவா, அதை மட்டும் நீ பொறுத்துக்கணும்.

— நான் எங்க விடுறேன்? நீதான் விடுவ. மெயின் ரோடு வந்தாச்சுக்கா. பஸ்ஸு, லாரி, ஜனங்க எல்லாம் இருக்கு. இனிமே அவனால ஒண்ணும் பண்ண முடியாது. நிமிர்ந்து உக்காருங்க.

— குட்டி, எனக்கு ஒண்ணு புரியல.

— என்ன?

— அந்தப் பாத்திரம் விழுந்தப்ப தெருவுக்கே கேட்டிருக்கும். நிமிஷமும் தாண்டிப் போச்சு. அவன் திரும்பவே இல்ல.

— நீ பாத்தியா?

— திரும்பிப் பாக்காதன்னு இவகிட்ட சொல்லிட்டு நான் பாத்துட்டேன். பக்கவாட்டுல முகம் தெரிஞ்சுச்சு. இமை மேல ஒரு ஈ நடந்துக்கிட்டு இருந்துச்சு. கையைத் தூக்கி ஓட்டக்கூட இல்ல.

— அது காலையிலேர்ந்து இருக்குங்க.

— என்ன சொன்ன கண்ணு?

— அந்த ஈ. காலையிலேர்ந்து அவரு முகத்துலதான் இருக்கு.

— காலையிலேர்ந்துன்னா? எப்பலேர்ந்து?

— பத்து பூஜ்யம் ஒண்ணுக்குக் கண்ணை மூடினாருங்க. தொண்டையில ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு. அப்புறம் சத்தம் இல்ல. நிமிஷம் முடிஞ்சும் திறக்கல. பையில சாவி எடுக்கும்போது நெஞ்சு மேல என் கை பட்டுச்சு. சில்லுனு, பலகை மாதிரி இருந்துச்சுங்க.

— அக்கா... நான் வண்டியை ஓரம் கட்டறேன். என்னால ஓட்ட முடியல.

— கண்ணு, என்னைப் பாரு. அவன் அப்பவே போயிட்டானேம்மா. சாவி உன் கையில இருந்துச்சு, கதவும் திறந்து கிடந்துச்சு. உன்னைத் தடுக்க அந்த வீட்டுல யாருமே இல்லையே. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு நிமிஷமும் வரட்டும்னு அந்தச் சுவரோட நின்னுக்கிட்டு இருந்த?

— மத்த நேரத்துல நகர்ந்தா அடிப்பாருங்க.